குதூகலபுரி ஞாயிறுகள்

ஜனவரி 4, ஞாயிறு

இந்த வருடத்துக்கான பாஸ் கைக்கு வந்துவிட்டது. கைக்கு என்று எழுதுவது பழக்கதோஷம். முன்பெல்லாம் குதூகலபுரி பூங்கா வாசலில் போட்டோ பிடித்து, அங்கேயே சூடாக லேமினேட் செய்து அட்டை கொடுப்பார்கள். இப்போது எல்லாம் செல்போன் ஆப்பில். என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கம்ப்யூட்டரோடு புழங்குகிறவர். அவருக்கே ஓ.டி.பி. வராமல் வியர்த்துவிட்டது.

காலையில் கிளறி எடுத்துப் போன புளியோதரையை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளிச்சாப்பாட்டுக்கு இனி அனுமதி இல்லையாம். கம்பெனி கைமாறியதிலிருந்து வாரம் ஒரு சட்டம். வாசலில் சிவப்புக் கோட்டு போட்டு வாசிக்கும் பேண்டுக்காரர்களையும் காணோம். அந்த இடத்தில் ஸ்பீக்கர் ஒன்று அலறிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் கோவளம் தாண்டியதும் முகத்தில் அடிக்கிற காற்றை எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. அதற்கு நன்றி.

ஃபெலிக்ஸ் சார் வழக்கம்போல ரோலர் கோஸ்டரின் முன் சீட்டில். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாழ்க்கை பூரா கடைசிப் பெட்டியிலயே போய்ட்டேன் சிஸ்டர், இங்கயாவது முன்னாடி உக்காறேன்" என்பார். ஹசீனாவும் வந்திருந்தாள். திருவான்மியூரில் கணக்கு டீச்சர். வகுப்பில் கத்தக் கூடாது என்று வாரம் முழுக்க அடக்கி வைத்ததை ஊஞ்சல் கப்பலில் ஏறிக் கத்தித் தீர்த்துவிட்டுப் போவாள். எங்களைப் போன்ற பாஸ்காரர்கள் சேர்ந்து 'குதூகலபுரி குடும்பம்' என்று வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் இப்போதெல்லாம் புலம்பல்தான்.

மகள் மதுவும் நானும் அன்னப் படகில் ஏறினோம். இருட்டுக் குகைக்குள் மெல்ல மிதந்து போய் வெளிச்சத்துக்கு வருகிற படகு. மதுவந்திக்கு டவுன் சிண்ட்ரோம். ஐந்து வயது வரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. இந்தப் படகை விட்டு இறங்கும்போதுதான் முதன்முதலாக "இன்னொரு தடவ போலாம்மா" என்றாள். பின்னால் வரிசையில் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. படகுக்காரர் எங்களை மறுபடி உட்கார வைத்துத் தள்ளிவிட்டார். கல்யாண வீடுகளில் எங்களைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் உண்டு. இந்த இடம் ஒரு நாளும் ஒதுக்கியதில்லை. அன்றிலிருந்து ஞாயிறு என்றால் குதூகலபுரிதான். அவளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது.

இன்று இறங்கியதும் "வீட்டுக்குப் போலாமா?" என்றாள். புளியோதரை இல்லாதது அவளுக்கும் ஏமாற்றம்தான்.

ஜனவரி 6, செவ்வாய்

பல்லாவரம் பேக்கரியில் மதுவைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

நல்லபடியாகப் பொங்கியது. மது பேக்கரியிலிருந்து தானே செய்த பன் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் கருகல். இவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தின்றார். கூட வேலை செய்யும் ஷாலினி என்கிற பெண்ணைப் பற்றி ஓயாமல் பேசினாள். ஷாலினி கீரை வடை விரும்பிச் சாப்பிடுவாளாம். ஷாலினிக்கு நாய் என்றால் பயமாம்.

கடவுளே, இந்தப் பொங்கலுக்கு நான் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததே நிறைய.

ஜனவரி 18, ஞாயிறு

குதூகலபுரியில் 'மின்னல் வரிசை' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கூடுதல் காசு கொடுத்தவர்கள் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து எங்களுக்கு முன்னால் ஏறுகிறார்கள். வெயிலில் நின்றுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஃபெலிக்ஸ் சாருக்கு வந்ததே கோபம். "சிஸ்டர், இங்க முதலாளி புள்ளையும் மூட்டை தூக்குறவன் புள்ளையும் ஒரே லைன்ல நின்னுச்சு. அதுக்காகத்தான் நான் வந்ததே. அதையே எடுத்துட்டானுங்க."

"பேசாம நாமளும் பட்டை வாங்கிடலாமா சார்?" என்று ஹசீனா கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மீன் காட்சிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். கண்ணில் பெட்டியை மாட்டிக்கொண்டு பார்க்கும் ஏதோ ஒன்று அங்கே வரப்போகிறதாம். நல்லவேளை, அன்னப் படகைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு வீட்டில் இருக்கட்டுமா என்று மது கேட்டாள். பேக்கரி வேலை களைப்பு. உடம்புக்கு நல்லதாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். கேழ்வரகு தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

ஜனவரி 25, ஞாயிறு

மது வந்தாள். அன்னப் படகு, ராட்டினம், திரும்பும்போது இளநீர். பஸ்ஸில் முழுக்கத் தூங்கினாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் கிளம்பும்போதே கொஞ்சம் தகராறு. இன்று ஷாலினி பிறந்தநாளாம், மதியம் அவள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "சாயங்காலம் போய்க்கலாம்டா, கேக் எங்கயும் ஓடிடாது" என்றேன். புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். இவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்னப் படகு வரிசையில் எங்கள் முறை வந்தது. புது யூனிஃபார்ம் போட்ட பெண் கையை நீட்டி மறித்தாள். கீர்த்திகா என்று சட்டையில் பெயர்.

"மேடம், இவங்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?"

"எதுக்கு?"

"ஸ்பெஷல் பெர்சன்ஸ் ஏறணும்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும் மேடம். புது ரூல்."

"அஞ்சு வயசுலேர்ந்து ஏறுறாம்மா இவ. இந்தப் படகு இவ நடக்கறதை விட மெதுவாப் போகும். இதுக்கு டாக்டரா?"

"எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் ஏத்தினா என்னைக் கேப்பாங்க."

மஞ்சள் பட்டைக்காரர்கள் பக்கத்தில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. செல்போனை எடுத்து வீடியோவை ஆன் செய்தேன். கத்தினேன். இந்தப் பூங்காவுக்கு நாங்கள் யார் தெரியுமா, என் பெண்ணைப் பார், இவள் என்ன தப்பு செய்தாள் என்று என்னென்னவோ கேட்டேன். கேமராவை மதுவின் பக்கம் திருப்பினேன். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஃபெலிக்ஸ் சாரும் ஹசீனாவும் ஓடிவந்து என்னோடு நின்றார்கள். அவர்கள் மட்டும் இல்லையென்றால் நான் விழுந்திருப்பேன்.

மது கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். வேறொன்றுமில்லை.

ஷாலினி வீட்டுக்குப் போக முடியவில்லை. வரும்போதே இருட்டிவிட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

வீடியோவைப் போட்டேன். காலையில் போட்டது, துணி துவைத்துக் காயப்போட்டு வருவதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா, மலேசியாவிலிருந்து ஒருவர், தன் மகனையும் இப்படித்தான் தடுத்தார்கள் என்று கும்பகோணத்துக்காரர் ஒருவர். முகம் தெரியாதவர்கள் எல்லாம் என் பெண்ணுக்காக அழுகிறார்கள். இத்தனை பேர் துணை இருப்பது தெரியாமல் இத்தனை காலம் இருந்துவிட்டேன். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மது பேக்கரிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்றாள். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இன்றும் போகவில்லை. வலைத்தொப்பி கொடியிலேயே தொங்குகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

குதூகலபுரி மேலாளர் ஆனந்தரூபன் போன் செய்தார். தேன் ஒழுகுகிற குரல். நடந்ததற்கு மன்னிப்பு கேட்டார். வருகிற ஞாயிறு மதுவந்தியைச் சிறப்பு விருந்தினராக அழைக்கிறார்களாம். பூங்கொத்து, வரவேற்பு, முதல் படகு அவளுக்கு. ஆயுள் முழுக்க இலவச பாஸ்.

போனை வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்று குழுவில் எழுதினேன். பட்டாசுப் படமாக வந்து குவிந்தது.

இவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வத்சலா, அவகிட்ட கேட்டியா?" என்றார்.

"எத?"

"ஞாயித்துக்கிழமை வராளான்னு."

"அவளுக்காகத்தானேங்க இவ்வளவும்."

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று இவரும் கூட வந்தார். நுழைவாயிலில் பெரிய பேனர். 'எங்கள் இளவரசி மதுவந்தியை வரவேற்கிறோம்' என்று எழுதி, என் வீடியோவிலிருந்தே எடுத்த மதுவின் முகம். துப்பட்டாவை எடுத்த அந்த நொடியில், அழுது வீங்கிய முகம். அதைச் சுற்றி பலூன் வரைந்திருந்தார்கள். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மது அண்ணாந்து பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை அல்ல.

அன்னப் படகு வாசலில் கேமராக்களோடு நாலைந்து பேர். மேலாளர் பூங்கொத்தை நீட்டினார். மது வாங்கினாள். கொஞ்சம் தள்ளி ஓரமாகக் கீர்த்திகா நின்றுகொண்டிருந்தாள். மது நேராக அவளிடம் போனாள்.

"இந்தாங்க. உங்களுக்கு. எங்கம்மா உங்களத் திட்டிட்டாங்க."

அந்தப் பெண் வாங்குவதா வேண்டாமா என்று மேலாளரைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். கேமராக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வெரி ஸ்வீட்! வாங்கம்மா மதுவந்தி, படகு ரெடி" என்றார் மேலாளர்.

"எனக்கு வேணாம்" என்றாள் மது.

நான் குனிந்து, "பயப்படாதடா. அம்மா கூட வரேன். உனக்குப் புடிச்ச படகு இல்ல?" என்றேன்.

"சின்ன வயசுல புடிக்கும். இப்ப உனக்குத்தாம்மா புடிக்கும். நீ அழுவியேன்னு வந்தேன்." என் தோளைத் தட்டினாள். "நீ ஏறும்மா. நான் இங்க நிக்கிறேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. எங்கேயாவது ஓடிப் போய்விட வேண்டும் போல இருந்தது. எதிரில் இருந்தது படகுதான். ஏறி உட்கார்ந்தேன்.

இத்தனை வருடமாக அந்தக் குகைக்குள் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் மதுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்கிறாளா, பயப்படுகிறாளா என்று. இன்று பக்கத்து இடம் காலி. பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது. இடது பக்கம் பெரிய யானை ஒன்று காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி ஒரு யானை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் மயில்கள், நிலா, தாமரைக் குளத்தில் குளிக்கும் ராஜகுமாரிகள். சாயம் உரிந்திருந்தது. ஒரு ராஜகுமாரிக்கு மூக்கே இல்லை. அப்படியும் எவ்வளவு அழகு! தண்ணீர் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. நான் வாய்விட்டு அழுதேன், கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெளிச்சத்துக்கு வந்தபோது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவும் பெண்ணும் நின்றிருந்தார்கள். மது கையை உயர்த்தி ஆட்டினாள். இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்து, "மெதுவா, வழுக்கும்" என்றாள்.

மேலாளர் இலவச பாஸ் என்று ஆரம்பித்தார். ஃபெலிக்ஸ் சார் குறுக்கே புகுந்தார். "அது கிடக்கட்டும் சார். மத்த புள்ளைங்க நாளைக்கு வந்தா ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

"அதெல்லாம் பாலிசி விஷயம், நான் மேலதான் பேசணும்..."

"பேசுங்க. பாஸ் எங்களுக்கு வேண்டாம்" என்றேன். "அந்த ரூலை எடுங்க. அப்புறம் அந்த பேனரை இப்பவே இறக்குங்க." என் குரல் இந்த முறை உயரவில்லை. ஆள் ஏறி பேனரின் கயிற்றை அவிழ்க்கும் வரை அங்கேயே நின்றேன்.

கீர்த்திகாவிடம் போய், "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று கேட்டேன்.

"வாசலுக்கு மாத்திட்டாங்க மேடம். பரவால்ல, அங்க காத்து வருது" என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு மதுவின் வயதுதான் இருக்கும். என் வீடியோவில் அவள் முகமும் இருந்தது.

பஸ்ஸில் மது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"ஷாலினி வீடியோ பாத்துட்டா. திங்கக்கிழமையே கடையில எல்லாரும் பாத்தாங்க. பாவம் மதுன்னாங்க. நான் பாவம் இல்லம்மா."

"இல்லடா."

"நான் பன் போடறேன். எனக்கு ஓவன் தெரியும். இப்ப ஓவன்கிட்ட வேணாம், உக்காருன்னாங்க."

வயிற்று வலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. செல்போனில் அந்த வீடியோவைத் திறந்து அவளிடமே நீட்டினேன். எதை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'நீக்கவா?' என்று அது கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். நீக்கினாள்.

பிப்ரவரி 9, திங்கள்

வீடியோவை நீக்கியதற்குக் குழுவில் ஒரே கூச்சல். கம்பெனியிடம் விலை போய்விட்டேன் என்று சிலர். பூங்காவை வழிக்குக் கொண்டுவர ஒரே ஆயுதம் அதுதான், கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன் என்று சிலர். விளக்கம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஹசீனா எழுதினாள்: 'அது அக்காவோட ஆயுதம் இல்ல, மதுவோட முகம்.' அவளுக்கு எப்படி நன்றி சொல்வேன்.

இவர் காலையில் மதுவோடு பேக்கரிக்குப் போனார். உள்ளே போய்ப் பேசட்டுமா என்று கேட்டாராம். "நானே சொல்லிக்கிறேன்பா" என்று வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடியும் ஓவனில் வேலை. கையில் சின்னச் சூட்டுத் தழும்பு. பெருமையாகக் காட்டினாள். மருந்து போட விடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

குதூகலபுரி இல்லாத ஞாயிறு. மது ஷாலினி வீட்டுக்குப் போனாள், பிறந்தநாள் கேக்கைத் தானே செய்து எடுத்துக்கொண்டு. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஷாலினியின் அண்ணி வண்டியில் வந்து கூட்டிப் போனாள்.

பரண் ஒழித்தேன். இட்லி மாவு அரைத்தேன். ஃப்ரிட்ஜ் துடைத்தேன். இன்னும் மதியம் கூட ஆகவில்லை. இவர் டி.வி.யை அணைத்துவிட்டு, "எங்கயாவது போலாமா?" என்றார். எங்கே என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய் எவ்வளவு காலமாயிற்று. கடைசியில் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்க் கரும்புச் சாறு குடித்துவிட்டு வந்தோம். இவர் இஞ்சி போடாமல் குடிப்பார் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பிப்ரவரி 21, சனி

ஃபெலிக்ஸ் சார் போட்டோ அனுப்பியிருந்தார். அன்னப் படகு வாசலில் புது அறிவிப்பு: சான்றிதழ் தேவையில்லை, துணைக்கு ஒருவர் வந்தால் போதும். மேலாளரை அவர் வாரம் முழுக்கப் போனில் விடாமல் பிடித்திருக்கிறார். அடுத்த போட்டோவில் யாரோ ஒரு அப்பாவும் மகனும் படகில் இருக்கிறார்கள். மகனின் வாய் நிறையச் சிரிப்பு. அது யாரென்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னல் வரிசை அப்படியேதான் இருக்கிறதாம். பேண்டுக்காரர்கள் வரப்போவதில்லை.

மதுவிடம் படத்தைக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "உனக்குப் போணுமாம்மா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்தது.

"அப்ப போ" என்றாள்.

மார்ச் 1, ஞாயிறு

போனேன். நான் மட்டும். இவர் கடையில் மெஷின் ரிப்பேர் என்று ஒதுங்கிக்கொண்டார்.

வாசலில் கீர்த்திகா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சாப்பாடு இல்லையே மேடம்?" என்று சிரித்தாள். உள்ளே சிற்றுண்டி விலையைப் பார்த்துத் தலை சுற்றியது. மின்னல் வரிசைக்காரர்கள் முந்திப் போனார்கள். ஃபெலிக்ஸ் சார் திட்டினார், ஹசீனா ஒத்து ஊதினாள், நானும் சேர்ந்து திட்டினேன். மனசுக்கு இதமாக இருந்தது. முன்பு இருந்த குதூகலபுரி இனி இல்லை. அது எங்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டது. எங்கள் பெண்ணுக்கு ஒரு காலத்தில் இடம் கொடுத்தார்களே, அதை நான் மறக்கமாட்டேன். இப்போது அவள் வேறு இடம் பிடித்துவிட்டாள். இன்று நான் போனது எனக்காக. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஊஞ்சல் கப்பலில் ஹசீனா பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுவரை ஏறியதில்லை, மதுவை யாரிடம் விடுவது என்பதால். கப்பல் உச்சிக்குப் போய் நின்ற நொடியில் அடிவயிறு மேலே வந்தது. ஹசீனா கத்தினாள். நான் அவளைவிடப் பெரிதாகக் கத்தினேன். "அக்கா, காது போச்சு" என்றாள் இறங்கியதும். மறுபடி ஏறினேன்.

மதியம் மது போன் செய்தாள்.

"சாப்டியாம்மா?"

"சாப்ட்டேன்டா. நீ?"

"நான் தோசை ஊத்துனேன். அப்பாக்கும். எப்ப வருவ?"

நான் இல்லாமல் தவிக்கிறாளோ என்று மனசு ஓடியது. "இதோ, வேணும்னா இப்பவே கிளம்பிடறேன்."

"வேணாம்" என்றாள் அவசரமாக. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், கரண்டி விழுகிற சத்தம். "ஷாலினி வந்திருக்கா. நீ மெதுவாவே வா."